மடித்த இலையைப் பிரிக்கச் சொன்ன சட்டம்

குன்னூர்,
செவ்வாய்க்கிழமை, விடாத மழை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை பிராங்ளின் அவர்களுக்கு,

உங்கள் அக்கா மெட்டில்டாவின் வீட்டுக்காரன் லூயிஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் நீங்களும் தபித்தாளும் குழந்தை அலீனாவும் கோயம்புத்தூர் வெயிலில் சௌக்கியமாகக் காய்ந்துகொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் இங்கே நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் பொய்ச்சாட்சி சொன்ன பாவம் வந்து சேரும், ஞாயிற்றுக்கிழமை அதற்கும் சேர்த்துச் சாமியாரிடம் முழங்காலில் நிற்க வேண்டியிருக்கும், என் முழங்கால் இருக்கிற நிலையில் அது நடக்காது. ஆகவே உயிரோடிருக்கிறோம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

போன் இருக்கிறபோது இந்த மனுஷன் ஏன் காகிதத்தைச் செலவழிக்கிறார் என்று நினைப்பீர்கள். உங்களோடு பேசுவதென்றால் உங்கள் அக்கா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். வாட்ஸ்அப்பில் அனுப்பலாமென்றால் நான் ஒரு எழுத்தைத் தொட்டால் அது தன் இஷ்டத்துக்கு ஒரு வார்த்தையைப் போட்டுக்கொள்கிறது. போன வாரம் பங்குக் கோயில் குழுவில் நான் அனுப்பிய இரங்கல் செய்திக்கு எல்லோரும் நன்றி சொல்லிவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். உங்கள் வீட்டு மாடிப் போர்ஷன் சும்மாதான் கிடக்கிறது, மெஸ்ஸை மூடிவிட்டுக் கீழே வந்துவிடுங்கள் மாமா என்று கிறிஸ்துமஸ் தவறாமல் கூப்பிட்டீர்கள், நானும் கிறிஸ்துமஸ் தவறாமல் சிரித்து மழுப்பினேன். இந்தத் தடவை மழுப்பவில்லை. வருகிறோம். மாடிக்கு வெள்ளையடித்து வையுங்கள். ஏன் இந்த முடிவு என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் அக்காவிடம் கேட்டால் அவள் சொல்ல மாட்டாள்.

நம் மெஸ்ஸைப் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை. மார்க்கெட்டுக்கு மேலே படியேறி வரவேண்டிய இடம், மத்தியானச் சாப்பாடு மட்டும், மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிற வாழையிலையில். பேங்குக்காரர்கள், டீச்சர்கள், வேலையாக ஊருக்குள் வந்து பசித்துப்போன எஸ்டேட் ஆட்கள், இவர்கள்தான் நம் கூட்டம். முன்பெல்லாம் எச்சில் இலை, மிச்சச் சோறு, கழுநீர் எல்லாவற்றையும் இத்தலார் கிராமத்துக்காரர் ஒருவர் தன் பன்றிகளுக்கு எடுத்துப்போய்விடுவார், ஒரு தொல்லையும் இருந்ததில்லை. அவர் பன்றிகளை விற்றுவிட்டுக் கேரட் போட்டுவிட்டார். கேரட் கழுநீர் குடிக்காது. அந்தச் சமயம் பார்த்து, ஓட்டல், பேக்கரி, மெஸ், டீக்கடை என்று சாப்பாடு விற்கிற எல்லோரும் இனிமேல் சாப்பாட்டுக் கழிவைத் தனியாகப் பிரித்துத்தான் கொடுக்கவேண்டும், கலந்து கொடுத்தால் அபராதம், திரும்பத் திரும்பக் கலந்தால் லைசென்ஸ் போய்விடும் என்று உத்தரவு வந்தது. உத்தரவில் தப்பில்லை மாப்பிள்ளை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மலையில் பிளாஸ்டிக்கை ஒழிக்கச் சொன்னபோது நாம் ஒழித்தோமே, இதையும் செய்யலாம் என்றுதான் நினைத்தேன். என் தெம்பு எவ்வளவு என்று எனக்கே தெரியாமல் நினைத்துவிட்டேன்.

முதலில் எங்களையெல்லாம் ஒரு ஹாலில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பச்சை பக்கெட்டில் மக்குகிறது, நீலத்தில் மக்காதது, சிவப்பில் இரண்டிலும் சேராதது. கேட்க எளிதாகத்தான் இருந்தது, கேள்வி நேரம் வரும்வரை. பேக்கரிக்காரர் எழுந்து, கோழி எலும்பு எதில் என்றார். பச்சை என்றார்கள். ஆட்டு எலும்பு மக்குவதற்குள் நானே மக்கிவிடுவேனே என்றார் பிரியாணிக் கடைக்காரர். ரசத்தில் விழுந்த காகிதம் மக்குமா, மக்கினால் அது ரசமா காகிதமா என்று ஒருவர் கேட்டார், அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டீ வந்துவிட்டது. கடைசியில் எங்களுக்குக் கொடுத்த பொட்டலச் சாப்பாட்டின் மிச்சமெல்லாம் ஒரே சாக்கில் கட்டிப்போனதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு படியிறங்கி வந்தேன்.

பின்பக்கம் இடமிருந்தால் அங்கேயே உரமாக்கிக்கொள்ளலாம் என்று பயிற்சியில் சொன்னதைக் கேட்டு ஒரு பீப்பாய் வாங்கி, தேயிலைச் செடி ஓரமாக வைத்து, சொன்னபடி எல்லாம் செய்தேன். மக்கவில்லை. குன்னூரில் ஆடி மாசத்தில் இட்லி மாவே பொங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது, எச்சில் சோறு எப்படி மக்கும். போட்டது போட்டபடி கிடந்தது, போன வாரத்துச் சாம்பார் இந்த வாரமும் அடையாளம் தெரிந்தது. அப்போது உங்கள் அக்காவுக்கு ஒரு யோசனை. இந்த ஊரில் மாவு பொங்காவிட்டால் என்ன செய்வோம், பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்படியில் வைப்போம் இல்லையா, அதே மாதிரி பீப்பாயைப் பழைய கம்பளியில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். நானும் சரியென்றேன், அதுதான் தப்பு. பீப்பாய் நன்றாகப் பொங்கியது. வாசனை கீழே காட்டேரி அருவிப் பள்ளத்தாக்கு வரைக்கும் போயிருக்க வேண்டும். காலையில் பார்த்தால் மூடி ஒரு பக்கம், பீப்பாய் ஒரு பக்கம், தேயிலைக்குள் கரடியின் தடம். பாயசம், சோறு, வாழைப்பழத் தோல் எல்லாவற்றையும் அது சுத்தமாக எடுத்துக்கொண்டு மற்றதை அப்படியே விட்டிருந்தது. நாங்கள் இரண்டு மாதமாகப் பிரித்ததைவிட அது நன்றாகப் பிரித்திருந்தது. கம்பளியையும் காணவில்லை.

உடனே ஒரு ஆபீஸிலிருந்து வந்து, சாப்பாட்டுக் கழிவை வெளியே வைத்தால் கரடி ஊருக்குள் பழகிவிடும், உள்ளே வையுங்கள் என்று எழுதிக் கொடுத்துப் போனார்கள். அதைப் படித்து முடிப்பதற்குள் இன்னொரு ஆபீஸிலிருந்து வந்து, சமையல் நடக்கிற கட்டடத்துக்குள் கழிவு இருக்கவே கூடாது, வெளியே வையுங்கள் என்று சொல்லிப் போனார்கள். நான் பக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன் மாப்பிள்ளை. உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் எவ்வளவு நேரம் நிற்பது.

நல்லவேளையாக ரெனிஷ் என்று ஒரு பையன், கூடலூர்ப் பக்கத்துக்காரன், கழிவு வண்டியின் மேற்பார்வையாளனாக வந்தான். தங்கமான பிள்ளை, பேச்சில் பாதி மலையாளம். மக்குகிற கழிவைத் தினமும் மத்தியானமே வண்டியில் எடுத்துக்கொள்கிறேன் சேட்டா, நீங்கள் உரமெல்லாம் போட வேண்டாம் என்றான். அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அடுத்த நாளே பக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிட்டான். ஏனென்றால் இலையெல்லாம் மடித்தபடி இருந்தது. மடித்த இலைக்குள்ளே மக்கள் எதை வைக்கிறார்கள் என்று நமக்கு என்ன தெரியும்? மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட், காகிதம், ஒரு தடவை யாருடையதோ பல் செட்டு. இலையை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே இருப்பதைப் பார்த்துப் போட்டால்தான் வண்டி எடுக்கும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

நம் பழக்கம் உங்களுக்குத் தெரியும். சாப்பிட்டு எழுந்திருக்கும்போது இலையைத் தன் பக்கமாக மடித்தால் வயிறும் மனசும் நிறைந்தது என்று அர்த்தம். மடித்தபிறகு அதற்குள் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. நம்மிடம் இலை எடுக்கிற அழகையாவிடம் பிரிக்கச் சொன்னேன். அவருடைய அப்பா காலத்தில் சிலோன் தோட்டத்திலிருந்து சேரங்கோடு எஸ்டேட்டுக்கு வந்து குடியேறிய குடும்பம், வேலையில் முகம் சுளிக்காத மனுஷன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "எச்சில் எடுக்க நான் கூச்சப்பட்டதில்ல ஐயா. ஆனா ஒருத்தர் மடிச்சு மூடுனதத் தொறந்து பாக்க மாட்டேன். அது அவங்க வயித்து விசயம்" என்றார்.  ஆக, கையுறை மாட்டிக்கொண்டு பின்கட்டில் முக்காலி போட்டு நானே உட்கார்ந்தேன்.

அங்கேதான் மாப்பிள்ளை, நம் குடும்பத்தின் நிம்மதி போனது. முதல் இலையைப் பிரித்தேன், உள்ளே நூல்கோல் கூட்டு. இரண்டாவதில் நூல்கோல் கூட்டு. அதற்கடுத்ததிலும் அதே. உங்கள் அக்கா தினமும் சோம்பு அரைத்துப்போட்டு, தேங்காய் சேர்த்து, இது எங்கள் மெஸ் ஸ்பெஷல் என்று தன் கையால் பரிமாறுகிற அதே கூட்டு. மறைப்பதிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு கைவரிசை இருந்தது. பேங்கு ஆண்ட்ரூ அப்பளத்தை உடைத்து அதன் மேல் கூரை போட்டிருந்தார். ஈவ்லின் டீச்சர் சாப்பிட்டதுபோலத் தெரியவேண்டும் என்று இலை முழுக்க மெல்லிசாகத் தடவி விட்டிருந்தார். எஸ்டேட் ஆட்கள் அப்படியெல்லாம் சிரமப்படவில்லை, மோர் ஊற்றி மூடியிருந்தார்கள். இவ்வளவு பேரும் கை கழுவிவிட்டு, கூட்டு பிரமாதம் அக்கா என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார்கள். நான் மட்டும் அதை விரும்பிச் சாப்பிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு வேறு வழி இல்லை. எனக்குப் பரிமாறுவது தட்டில். தட்டை மடிக்க முடியாது.

உங்கள் அக்காவுக்கு இது தெரியக்கூடாது என்று முடிவு செய்தேன். இடுப்புக்கு உடற்பயிற்சி, டாக்டர் சொன்னார் என்று புளுகி, தினமும் நானே முக்காலியில் உட்கார்ந்து, கூட்டையெல்லாம் சோற்றுக்கு அடியில் தள்ளி மூடினேன். வாடிக்கையாளர்கள் அவளிடமிருந்து இலைக்குள் மறைத்ததை நான் அவளிடமிருந்து பக்கெட்டுக்குள் மறைத்தேன். முழங்கால் வீங்கிவிட்டது. இருந்தாலும் ஓட்டிவிட்டிருப்பேன். அந்த ரெனிஷ் ஒருநாள் நம் பக்கெட் சுத்தமாக இருப்பதைப் பாராட்டவேண்டும் என்று மெனக்கெட்டு மேலே ஏறி வந்தான். உங்கள் அக்கா டீ கொடுத்தாள். குடித்துக்கொண்டே, மனசில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், "ஞங்கள் குப்பை யார்டுல உங்க பக்கெட்டுக்குப் பேர் ஒட்டவே வேண்டாம் சேச்சி. தெறந்ததும் நூல்கோல் கண்டா மெட்டில்டா சேச்சி மெஸ்ஸுன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றான்.

நான் சுவரைப் பார்த்தேன். உங்கள் அக்கா அவனுக்கு இன்னொரு டீ ஊற்றினாள், வடை வைத்தாள், வண்டி வரை வந்து வழியனுப்பினாள். மறுநாள் மத்தியானம் நான் முக்காலிக்குப் போவதற்குள் அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு இலையாகப் பிரித்தாள். எது யாருடைய இலை என்று அவளுக்குத் தெரியும், யாரை எங்கே உட்காரவைக்கிறாள் என்பது அவள் கணக்கு. ஆண்ட்ரூவின் அப்பளக் கூரையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் அதை அப்படியே வைத்தாள். கடைசி இலை வரை பிரித்து முடித்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "ஏனுங்க, இவங்கெல்லாம் நல்லா இருக்குதுன்னு சொன்னாங்களே" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் காலையில் அடுப்பு எரியவில்லை. "மெஸ் விடுமுறை" என்று அட்டையில் எழுதி நானே கதவில் தொங்கவிட்டேன். அட்டை மழையில் நனைந்து எழுத்தெல்லாம் வழிந்துவிட்டது, அவள் இன்னும் அடுப்படிப் பக்கம் போகவில்லை. பேக்கரி ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்கிறோம். ஜன்னலோரம் உட்கார்ந்து மேகம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சண்டை போட்டாலாவது பதில் சொல்லலாம், சண்டையும் போடவில்லை. நூல்கோலை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செய், சாம்பாரை ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை, நான் பார்த்தேன் என்று கெஞ்சினேன். "இன்னிக்குக் கூட்டுன்னு தெரிஞ்சுது, நாளைக்கு ரசம்னு தெரிய வரும். தெரிஞ்சுக்கிட்டே எப்படிங்க சிரிச்ச மூஞ்சியோட பரிமாறுறது? பிராங்ளின் ஊட்டுக்கே போயிரலாங்க" என்றாள். மாப்பிள்ளை, எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வயசில் ஒரு ஆம்பளை மச்சினனுக்கு எழுதுகிற விஷயமில்லை இது. ஆனாலும் வீடு இவ்வளவு சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது. தாளிக்கிற சத்தம் இல்லாத மத்தியானம் எனக்குப் பயமாக இருக்கிறது, அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எனக்கும் அலுத்துவிட்டது. சட்டத்தோடு மல்லுக்கட்டலாம், கரடியோடு மல்லுக்கட்டலாம், இதோடு என்னால் முடியவில்லை.

ஆகவே வருகிறோம். மாடிப்படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போட்டால் என் முழங்காலுக்குப் புண்ணியமாகப் போகும். ஃபேன் ஓடவேண்டும், உங்கள் ஊர் வெயில் எனக்குச் சேராது. அக்காவிடம் போனில் பேசும்போது சாப்பாட்டுப் பேச்சை எடுக்காதீர்கள். முக்கியமாக, தபித்தாளிடம் சொல்லி நாங்கள் வருகிற வாரம் சந்தையில் நூல்கோல் வாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் எத்தனை பக்கெட், எதில் எதைப் போடவேண்டும் என்பதையும் முன்கூட்டியே தெரிவித்தால் மனசைத் தயார் செய்துகொள்வேன்.

தபித்தாளுக்கு என் அன்பைச் சொல்லவும். அலீனா நன்றாகப் படித்து, சாப்பாடு சம்பந்தமில்லாத ஒரு வேலைக்குப் போய்ச் சுகமாக இருக்கும்படி வேளாங்கண்ணி மாதாவிடம் மன்றாடுகிறேன். உங்கள் குடும்பத்தில் அரிசிப் பானையும் மனசும் குறையாமல் ஆண்டவர் காப்பாராக.

இப்படிக்கு,
மிகவும் களைத்துப்போன உங்கள் மாமா,
லூயிஸ்

பி.கு.: வெள்ளையடிக்க வேண்டாம். ஒட்டிய உறையைக் கிழித்துத்தான் இதை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஒட்டித் தபாலில் போடக் கிளம்பினேன், படியில் இறங்க வழியில்லை. ஆண்ட்ரூ, ஈவ்லின் டீச்சர், இன்னும் நாலைந்து பேர் குடையோடு நின்றுகொண்டிருந்தார்கள். மத்தியான நேரம். சத்தம் கேட்டு உங்கள் அக்கா கதவுக்கு வந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. "ஆண்ட்ரூ, நெசத்தச் சொல்லுங்க, அந்தக் கூட்டு நல்லா இல்லீங்களா?" என்றாள். அவர் டீச்சரைப் பார்த்தார், டீச்சர் குடைக்கம்பியைப் பார்த்தார். "இல்லீங்க அக்கா, என்னைக்குமே நல்லா இருந்ததில்லீங்க" என்றார் ஆண்ட்ரூ. அப்புறம் எதற்குத் தினமும் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டீர்கள் என்றாள். "ஊட்ல எனக்கு யாருங்க இருக்காங்க? கரண்டியோட வந்து நின்னு, இன்னுங்கொஞ்சம் போடட்டுமான்னு நீங்க ஒருத்தர்தான் கேக்கறீங்க. வேண்டாம்னு சொல்ல வாய் வரலீங்க" என்றார் ஆண்ட்ரூ. அவள் கதவை முழுக்கத் திறந்தாள். பிறகு, மழையில் நிற்காமல் உள்ளே வந்து உட்காருங்கள், நேரமாகும் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். முதலில் என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? நூல்கோல் கூட்டுத்தான். கோபமா, பாசமா, வீம்பா என்று இவ்வளவு வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. எல்லோருக்கும் இரண்டு கரண்டி வைத்தாள். எல்லோரும் இலையைத் தங்கள் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார்கள். கீழே வண்டி ஹார்ன் அடித்தது, ரெனிஷ் காத்திருந்தான், அவள் அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு இலையையும் பிரிக்கவில்லை மாப்பிள்ளை. மடித்தது மடித்தபடி பக்கெட்டில் போட்டு அனுப்பிவிட்டேன், அபராதம் வந்தால் வரட்டும்.